பேர் வெட்டிய சட்டி

அரியலூர் கடைவீதியில் எவர்சில்வர் பாத்திரம் எடுத்தால் பெயர் வெட்டித் தருவது கடைக்காரரின் மரியாதை. கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பாத்திரத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேரு?" என்பார். சொன்ன மறுகணம் அவர் கையிலிருக்கும் சின்ன மிஷின் கிர்ரென்று கத்தத் தொடங்கிவிடும். யோசிப்பதற்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது.

ஜெயப்பிரகாஷ் யோசிக்கவில்லை. அவன் மனைவி வேணி பக்கத்துக் கடையில் மஞ்சள், குங்குமம் வாங்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. புதுப் பால் சட்டியை அவள் ஆசையாகத் திருப்பிப் பார்த்தாள். விளிம்புக்குக் கீழே, சாய்வான அழகான எழுத்தில், 'ரா. சுந்தராம்பாள், 30-5' என்று இருந்தது.

"ஏங்க, பெரம்பலூருக்குக் குடி போறது நாமளா, ஒங்க அம்மாவா?"

அவன் சட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "பேருன்னு கேட்டாரு வேணி. வாயில அம்மா பேருதான் வந்துச்சு. நம்ம வூட்ல எந்தப் பாத்திரத்தத் திருப்புனாலும் அதுதான இருக்கும்?"

"தேதி?"

"தேதி போடணுமான்னாரு. போடுங்கன்னேன்."

"அதுல மட்டும் கரெக்டா இருந்துட்டீங்க."

வெட்டிய பெயரை அழிக்க முடியாது என்று கடைக்காரர் சிரித்தார். சட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். வேணிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. யாருக்குத் தெரியக் கூடாது என்று ஒரு மாதமாக மறைத்துக்கொண்டிருக்கிறார்களோ, அவர் பெயரையே வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

மறைத்தது பெரிய குற்றம் ஒன்றுமில்லை. ஜெயப்பிரகாஷுக்குப் பெரம்பலூரில் ஒரு தீவன மில்லில் சூப்பர்வைசர் வேலை. வீடு திருமழபாடியில். தினமும் பைக்கில் அரியலூர் வந்து, அங்கிருந்து மறுபடி பெரம்பலூர். மக்காச்சோளம் வந்து குவியும் நாட்களில் மில்லை விட்டுக் கிளம்பவே இருட்டிவிடும். போன கார்த்திகையில் ஒரு நாள், கீழப்பழுவூர் அருகே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தவன், வண்டியை ஓட்டியபடியே கண்ணயர்ந்துவிட்டான். பைக் ரோட்டை விட்டு இறங்கி ஈரமண்ணில் சாய்ந்ததால் தோள்பட்டையோடு போனது. "நாய் குறுக்க வந்துருச்சும்மா" என்று தாயிடம் சொல்லிவைத்தான். உண்மை வேணிக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து தெருமுனையில் அவன் பைக் சத்தம் கேட்கும்வரை அவளுக்கு உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது.

அதனால்தான் பெரம்பலூரில் வீடு பார்த்தார்கள். அங்கிருந்து அவள் வேலைக்கு அரியலூர் வர ஒரே பஸ் போதும். வைகாசி வெள்ளிக்கிழமை, மே முப்பதாம் தேதி பால் காய்ச்சுவது என்றும் முடிவாகிவிட்டது. சுந்தராம்பாளிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

சொல்லும் பொறுப்பு ஜெயப்பிரகாஷுடையது. சாப்பிட உட்கார்ந்ததும், "அம்மா, ஒரு விஷயம்" என்று தொடங்குவான். "மொதல்ல சூடா சாப்புடுடா" என்று அவர் இன்னொரு தோசையைத் தட்டில் போடுவார். தோசை தீரும்போது அவனுடைய தைரியமும் தீர்ந்துவிடும். அப்பா ராசாங்கம் போனபின் ஒற்றை ஆளாக நின்று அவனை வளர்த்தவர். கூடவே வந்துவிடச் சொல்லலாம் என்றால், கறவை மாடு இருக்கிறது, ஆற்றோரம் அரைக்காணி நிலம் இருக்கிறது. "கொள்ளிடக் காத்து இல்லாத ஊர்ல மனுசன் தூங்குவானா?" என்று கேட்கிறவர் அவர். தனிக்குடித்தனம் என்ற பேச்சை எடுத்தால் சண்டை போட மாட்டார். சாப்பிடாமல் இருந்துவிடுவார். இருவரும் பயந்தது அதற்குத்தான்.

சட்டி, பீரோவில் வேணியின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போனது.

இதில் வேணிக்கு இன்னொரு வெட்கமும் இருந்தது. அடுத்தவர்களின் பிரச்சினையைப் பேசவைப்பதுதான் அவள் தொழில். மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தாள். குழுப் பெண்களிடம் நேராக "உங்க பிரச்சினை என்ன?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்காக அவளும், கூட வேலை செய்யும் புவனேஸ்வரியும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வீட்டில் தினமும் புழங்கும் பொருள் ஒன்றை எல்லோரும் கொண்டுவர வேண்டும். நடுவில் வைத்துவிட்டு, அடுத்தவர் கொண்டுவந்ததை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கேள்விகள். இது என்ன செய்யும்? எது இதனால் ஆகாது? இதற்கு வாய் இருந்தால் என் பிரச்சினையைப் பார்த்து என்ன சொல்லும்? ஒரே ஒரு சட்டம், மனிதர் யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது.

கேட்பதற்கு விளையாட்டு மாதிரிதான் இருக்கும். வரதராஜன்பேட்டையில் ஒரு பெண் கையில் சல்லடை வந்தது. அதைச் சும்மா ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "இது மாவையெல்லாம் கீழ விட்டுட்டு உமியத்தான் புடிச்சு வெச்சுக்குது. நானும் அவ பேசுனதுல உமியத்தானே இத்தன வருசமா புடிச்சு வெச்சிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அன்று சாயங்காலமே நாத்தனார் வீட்டுக்குப் போய் வந்தாளாம்.

வேணியின் பிரச்சினைக்கு மட்டும் அது வேலை செய்யவில்லை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டாள். மிக்ஸி, "சத்தம் போடாம எதுவும் அரையாது" என்றது. அதன் மூடியைச் சாத்திவிட்டாள். குக்கர், "இன்னும் ரெண்டு விசில் பொறு" என்றது. செருப்பு, "ஒத்தையா போனா நொண்டணும்" என்றது. அது அத்தையைச் சொல்கிறதா, தங்களைச் சொல்கிறதா என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் அரியலூர் ஆபீசுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் புவனேஸ்வரி போன் செய்தாள்.

"அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரில இருக்கேன். இன்னைக்கு ஒரு குழு இருக்கு, நீங்க போறீங்களா? ஒங்க ஊருதான்."

"திருமழபாடியா?"

"ஆமாக்கா. பொருள் கொண்டாரச் சொல்லிப் போன வாரமே சொல்லிட்டேன். எல்லாரும் ரெடியா உக்காந்திருப்பாங்க."

சொந்த ஊர்க் குழுவை வேணி எடுப்பதில்லை. அந்தக் குழுவில் அவளுடைய மாமியார் இருந்தார். ஆனால் அன்று ஆபீசில் வேறு ஆளில்லை. வந்த வழியே திரும்பி பஸ் ஏறினாள்.

சமுதாயக் கூடத்தில் ஜமக்காளம் விரித்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாக சுந்தராம்பாள், மடியில் ஒயர்கூடையோடு. மருமகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நீ எங்க இங்க?"

"புவனா வரல அத்தை. இன்னைக்கு நான்தான்."

சுந்தராம்பாள் கூடையின் மேல் கிடந்த துண்டை இழுத்து நன்றாக மூடினார்.

குழுத் தலைவி காத்தாயிக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்குமா? "அடி ஆத்தி! மாமியாளுக்கு மருமவ டீச்சரு! சுந்தராம்பா அக்கா, ஒழுங்கா பதில் சொல்லிரு. இல்லன்னா ராத்திரி சோறு கெடையாது."

"அந்த வூட்ல சோறு ஆக்குறதே நான்தான்டி" என்றார் சுந்தராம்பாள். கூடமே சிரித்தது. வேணியும் சிரித்தாள். பிறகு பொருட்களை நடுவில் வைக்கச் சொன்னாள்.

காத்தாயிக்கு வந்தது இட்லித் தட்டு. "இது என்ன செய்யும்? குழி குழியா இருக்கும். எங்க தெரு ரோடு மாதிரியே இருக்கு. கல்லு லாரி போயிப் போயி அப்படி ஆயிருச்சு" என்றாள்.

"ஒங்க சொந்தப் பிரச்சினையச் சொல்லுங்கக்கா."

"அந்த ரோட்ல விழுந்து எந்திரிக்கிறது நான்தான டீச்சர்? அப்ப அது எஞ்சொந்தப் பிரச்சினதான்."

பாப்பாத்தி என்ற பெண்ணுக்குத் துணி மாட்டும் கிளிப் கிடைத்தது. அவள் மகன் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் இருக்கிறான், வாயே திறப்பதில்லை. பெயர் சொல்லக் கூடாது என்பதால் 'அந்தத் துணி' என்று சொல்லிக்கொண்டாள். "இது துணிய வுடாம புடிச்சுக்கும். காத்துல பறக்காது. ஆனா ரொம்ப நாளு அப்படியே கெடந்தா துணில தழும்பு வுழுந்துரும்." கிளிப்பை அழுத்தி அழுத்தித் திறந்தாள். "வூட்டுக்குள்ள நொழைஞ்சதும் வேல கெடச்சுதா, வேல கெடச்சுதான்னு நான்தான் புடிச்சுக்கறேன். இன்னைக்குச் சோத்தப் போட்டுட்டு சும்மா இருந்து பாக்குறேன்."

"அவன் பேசலன்னா?" என்றாள் காத்தாயி.

"பேசலன்னா சோறாச்சும் உள்ள போவும்ல?"

இப்படியே சுற்று சுந்தராம்பாளிடம் வந்தது.

"அக்கா, நீ கொண்டாந்தது எங்க? நடுவுல வெக்கவே இல்லியே?"

"நான் கொண்டாந்தத நானே எடுத்துக்கறேன்."

அடுத்தவர் பொருளைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்ல வேணி வாயெடுத்தாள். அதற்குள் துண்டு விலகியது. லேபிள்கூடப் பிரிக்காத எவர்சில்வர் சட்டியை எடுத்து சுந்தராம்பாள் தன் முன்னால் வைத்தார்.

பீரோவில் வேணி ஒளித்துவைத்த அதே சட்டி.

"இத எடுத்துட்டு வந்தது தப்புத்தான். புவனாதான் வரும்னு நெனச்சேன். வந்தாச்சு, பேசிடறேன்" என்றார். பார்வை முழுக்கச் சட்டியின் மேல்தான். "இது என்ன செய்யும்? பால் காய்ச்சும். எது இதால ஆவாது? நாலஞ்சு நாளா கேட்டுப் பாத்துட்டேன், எதுக்கு வாங்குனாங்கன்னு சொல்ல இதால ஆவல. இஸ்திரி போட்ட துணிய பீரோவுல வெக்கப் போனப்ப, பொடவைக்கு அடியில ஒளிஞ்சிருந்துச்சு. எம்பேரு வெட்டியிருக்கு. முப்பதாம் தேதின்னு போட்டிருக்கு. எனக்குன்னா எங்கிட்ட குடுத்திருக்கலாம். எனக்கில்லன்னா எம்பேரு எதுக்கு? ரெண்டும் ஒத்து வரல. ஒரு ஆளு மண்டைக்கு இது ஆவாது. எல்லாருமா யோசிச்சுச் சொல்லுங்க."

"பொறந்த நாளு கிப்டா இருக்கும்க்கா" என்றது ஒரு குரல்.

"நான் பொறந்த நாளு எங்க ஆத்தாளுக்கே தெரியாது."

"ஒனக்குத் தெரியாம புது மாடு வாங்கியிருப்பாங்க. அதுக்குப் பால் சட்டி" என்றாள் காத்தாயி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

பாப்பாத்தி தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதக்கா. எங்க பெரியம்மாவ ஒரு ஹோம்ல கொண்டுபோய் சேத்தாங்க. தட்டு, டம்ளர், சட்டி எல்லாத்துலயும் பேரு வெட்டி எடுத்தாரச் சொன்னாங்க, மத்தவங்களதோட கலந்துரும்னு. சேர்ற தேதியும் போட்டுத்தான்..." அவள் முடிக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் சுந்தராம்பாள் மெதுவாக. "இதுக்கு வாய் இருந்தா அதத்தான் சொல்லும். துணிமணிய எடுத்து வெச்சுக்க, முப்பதாம் தேதி ஒன்னக் கொண்டுபோய் வுடப் போறாங்கன்னு."

முந்தின நாள் ராத்திரி அத்தை, மாட்டை விற்றால் இப்போது நல்ல விலைக்குப் போகுமா என்று கேட்டது வேணிக்கு ஞாபகம் வந்தது. ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, தீவனம் விற்கும் விலையைப் பற்றி இவளும் ஏதோ சொல்லிவைத்தாள். அவர் அன்றைக்கே கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார். யாரிடமும் கோபப்படாமல், ஏன் என்றும் கேட்காமல்.

அப்படியில்லை அத்தை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகளாக நின்று என்ன சொன்னாலும் அது சமாளிப்பாகத்தான் கேட்கும். வேணி எழுந்து வந்து மாமியாருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு வாய் இருந்தா என்ன சொல்லும்னு நான் சொல்றேன்."

சட்டியைப் பார்த்துக்கொண்டே தொடங்கினாள்.

"என்னைய அரியலூர்ல வாங்குனாங்க. வாங்குனது ஒரு புருசன் பொஞ்சாதி. அந்தப் பொண்ணு குங்குமம் வாங்கப் போயிருந்தப்ப கடையில பேரு கேட்டாங்க. அந்த ஆளு அவங்க அம்மா பேரச் சொல்லிட்டாரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுந்தராம்பாள் சிரிக்கவில்லை. ஆனால் அவரும் சட்டியைப் பார்த்தேதான் கேட்டார்.

"பொண்டாட்டி பேரச் சொல்லாம அம்மா பேர எதுக்குச் சொன்னானாம்?"

"அவருக்குப் பாத்திரம்னா அந்தப் பேரு ஒண்ணுதான் தெரியும்."

"அந்தத் தேதி?"

"அன்னைக்குப் பெரம்பலூர்ல ஒரு வாடகை வூட்ல என்னைய அடுப்புல ஏத்துவாங்க. பால் காய்ச்ச."

"யாரு குடி போறா?"

"அவங்க ரெண்டு பேரும்."

காத்தாயி ஏதோ சொல்ல வந்தவளை, பாப்பாத்தி முழங்கையால் இடித்து அடக்கினாள்.

"அந்தக் கெழவி?"

"அவங்க வரமாட்டாங்கன்னு ரெண்டு பேருமே முடிவு பண்ணிட்டாங்க. ஒரு வார்த்த கேக்காம."

"சரி. ஒன்ன எதுக்கு ஒளிச்சு வெச்சாங்க?"

"பயம்."

"எதுக்குப் பயம்? கெழவி என்ன கடிச்சா வெச்சுருவா?"

"சாப்புடாம இருந்துருவாங்கன்னு."

"அது செஞ்சாலும் செய்வா" என்றாள் காத்தாயி, அடங்க முடியாமல். இந்தத் தடவை சுந்தராம்பாளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனால் அடுத்த கேள்வி கூர்மையாக வந்தது.

"இத்தன வருசம் இங்கேருந்துதான போயிட்டு வந்தான்? இப்ப மட்டும் எதுக்குப் போவணும்?"

வேணி தயங்கினாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஜெயப்பிரகாஷுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். சட்டியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள்.

"நான் பொடவைக்கு அடியில கெடந்தப்ப, அவங்க பேசிக்கிட்டது காதுல வுழுந்துச்சு. கார்த்திகை மாசம் ரோட்ல நாய் எதுவும் குறுக்க வரலயாம். லாரிக்குப் பின்னால வண்டிய ஓட்டிக்கிட்டே அவரு தூங்கிட்டாராம்."

சுந்தராம்பாள் முதல் தடவையாகச் சட்டியை விட்டு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"தூங்கிட்டானா?"

"ஆமா அத்தை."

"வண்டிலயா?"

வேணி தலையை ஆட்டினாள். கண்ணீர் மடியில் விழுந்தது.

காத்தாயிதான் எழுந்தாள். "டீ வந்து ஆறிக்கிட்டிருக்கு. எல்லாரும் எந்திரிங்கடி. குடும்பத்துக்குள்ள பேசுறத வாயப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க" என்று, அதுவரை எல்லோரையும்விட அதிகமாக வாய் பார்த்துக்கொண்டிருந்தவள், வட்டத்தைக் கலைத்துவிட்டாள்.

உச்சி வெயிலில் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். சுந்தராம்பாள் முன்னால், வேணி பின்னால். வீடு வந்ததும் அவர் நேராகக் கொட்டகைக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அது குடித்து முடிக்கும்வரை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"அவனுக்குப் போனப் போடு. எனக்குத் தெரியும்னு சொல்லாத. அவன் வாயால வரணும்."

வேணி ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். மில்லின் இரைச்சலுக்கு நடுவே ஜெயப்பிரகாஷின் குரல் கேட்டது.

"என்ன வேணி?"

"நான்தான்டா."

"அம்மாவா? என்னம்மா, ஒடம்பு சரியில்லியா?"

"எனக்கென்ன. சாப்டியா?"

"சாப்ட்டேன்."

"எங்கிட்ட எதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லியேம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இங்க அடுப்பு அணைஞ்சு கெடக்கு. தோசை எதுவும் வராது."

இரைச்சல் குறைந்தது. அவன் வெளியே வந்து நிற்கிறான்போல.

"ராத்திரி வந்து சொல்றேனேம்மா."

"இப்ப சொல்லு."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "பெரம்பலூர்ல ஒரு வூடு பாத்திருக்கோம்மா. சின்ன வூடுதான். நீயும் வரணும்மா. ஒங்கிட்ட கேக்கணும் கேக்கணும்னு தெனமும்... நீ வரமாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு..."

"வரமாட்டேன்தான்."

சுந்தராம்பாள் போனை இன்னும் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"ஆனா கேக்கணும்ல? நான் வரமாட்டேன்னு நான்தான சொல்லணும்? நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்கிட்டா நான் எதுக்குடா இருக்கேன்?"

"தப்புத்தான்மா."

"அந்த நாயி என்ன ஆச்சு?"

"எந்த நாயி?"

"கார்த்திகை மாசத்து நாயி."

வேணி கண்ணை மூடிக்கொண்டாள். ஜெயப்பிரகாஷ் கேட்டான். "வேணி சொல்லிட்டாளா?"

"அவ எங்க சொன்னா? சட்டி சொல்லுச்சு."

"என்னது?"

"ஒம்பொண்டாட்டிகிட்ட அப்புறம் கேட்டுக்க. இப்ப நான் சொல்றதக் கேளு. இன்னைக்கு ராத்திரி வண்டிய எடுக்காத. கூட வேல செய்யறவன் ரூம்ல படுத்துக்க. புது வூட்டுக்குப் போயிராத, பால் காய்ச்சாம அங்க படுக்கக் கூடாது."

"அம்மா, நான் மெதுவா வந்துடறேன்ம்மா."

"வராதன்னு சொல்றேன்ல!"

குரல் உடைந்துவிட்டது. மகன் எந்நேரம் வந்தாலும் விழித்திருந்து கதவு திறப்பவர் அவர். வீட்டுக்கு வராதே என்று அவர் சொல்லி வேணி கேட்டதே இல்லை. சொன்னவருக்கே அது தாங்கவில்லை. போனை மருமகள் கையில் திணித்துவிட்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

வேணி "அப்புறம் பேசறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கட்டிலுக்குக் கீழே, மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுருங்க அத்தை."

"கோவம் இருக்கு" என்றார் சுந்தராம்பாள். "சட்டுனு போவாது. ஒரு மாசம் இருந்தாலும் இருக்கும். அது பாட்டுக்கு இருக்கட்டும். அதப் பாத்துப் பயந்துக்கிட்டு இன்னொன்ன ஒளிச்சு வெக்காத."

"இல்ல அத்தை."

"நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? மாமியா தொரத்திட்டான்னு சொல்லும். அதுக்கு எடம் குடுக்கக் கூடாது. காத்தாயி, பாப்பாத்தி எல்லாரையும் வேன் வெச்சுக் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன். அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள் எல்லாம் நான் எடுத்து வெச்சு, நான்தான் ஒங்களக் குடி வெக்கணும். அப்புறம் மறுநாளே திரும்பிருவேன். இந்த மாட்ட ஒரு ராத்திரிக்கு மேல யாரும் பாத்துக்க மாட்டாங்க."

வேணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சுந்தராம்பாள் தள்ளிவிடவில்லை. தலையைத் தடவிக்கொடுக்கவும் இல்லை. கோபம் இருக்கிறது என்று அவர் சொன்னது சும்மா இல்லை.

சற்று நேரம் கழித்து அவரே கேட்டார். "அந்த வூட்டுத் தண்ணி எப்படி?"

"போர் தண்ணி அத்தை. கொஞ்சம் உப்பாத்தான் இருக்கும்."

"உப்புத் தண்ணில பருப்பு வேவாதே." அவர் நெற்றியைச் சுருக்கினார். "வேவாத பருப்பத் தின்னுட்டு அவன் வயித்த வலிக்குதும்பான். ஞாயித்துக்கெழம நம்ம பருப்புலயே கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போவோம். அந்தத் தண்ணில வேவுதா இல்லியான்னு நம்ம கண்ணால பாத்துட்டு வந்துருவோம்."